யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டினவங்க, பின்சீட்டுல உக்காந்து பயந்தவங்க எல்லாரும் வாங்க

வைக்கோல்போர்:
நானே ஆரம்பிக்கிறேன். எங்க சித்தப்பா 1988-ல வாங்கினது, கறுப்பு. அதுக்கு முன்னாடி அவர்கிட்ட இருந்தது ராஜ்தூத். "அது எருமை, இது கன்னுக்குட்டி"ம்பார். 98 சிசி, 11 குதிரைத்திறன். இன்னிக்குப் பசங்க கேட்டா சிரிப்பாங்க. ஆனா வண்டியோட எடையே நூறு கிலோவை ஒட்டித்தான், அதான் அந்தப் பாய்ச்சல். முதல் தடவை கிளட்சைப் பட்டுனு விட்டேன். முன்சக்கரம் எந்திரிச்சு, நான் சீட்டுலேருந்து வழுக்கி மண்ணுல உக்காந்துட்டேன். வண்டி மட்டும் தனியாப் போய் வைக்கோல்போர்ல முட்டி நின்னுச்சு. சித்தப்பா ஓடிப் போய்ப் பாத்தது வண்டியைத்தான்.

ஓசூர்க்காரன்:
எங்க வீட்டு இண்ட்-சுசுகி பைக்கையும் கொஞ்சம் சேத்துக்கோங்கப்பா. ஜப்பான் கூட்டுல 100 சிசி பைக்கை இங்க முதல்ல இறக்கினது 1984-ல எங்க ஊர் டிவிஎஸ்தான். எஸ்கார்ட்ஸ் கம்பெனியோட சேந்து யமஹா ஆர்எக்ஸ் கொண்டுவந்தது 1985-ல. முந்தி வந்தது நாங்க, பேர் வாங்கினது நீங்க. அப்பா வண்டி அமைதியாப் போகும், அதுதான் அதோட குத்தம் போல. ஆர்எக்ஸ் தெருமுனை திரும்புறதுக்குள்ள வீட்டுல இருக்கிற பொண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

பட்டறை அண்ணன்:
அந்தச் சத்தத்தைப் பத்தி நான் சொல்லணும். சைலன்சர் வாலுல ஒரு சின்ன போல்ட் இருக்கும். அதைக் கழட்டி உள்குழாயை இழுத்தா, கரி தார் மாதிரி அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தி, ஆறினதும் தட்டினா பொலபொலன்னு உதிரும். மாட்டிக் கொடுத்தா வண்டி புதுசு மாதிரி இழுக்கும். ஆனா வர்ற பசங்க, "அந்தக் குழாயே வேண்டாம்ணே, சத்தம் வந்தா போதும்"பாங்க.

ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் இஞ்சின்ல புகை போற வழிக்கு வால்வு கிடையாது. புகையோட புதுப் பெட்ரோல் கலவையும் கொஞ்சம் வெளிய ஓடப் பாக்கும். சைலன்சர் நடுவுல பெருத்து வால் பக்கம் சிறுத்திருக்கிறது சும்மா இல்ல, அழுத்த அலை திரும்பி வந்து அந்தக் கலவையை உள்ள தள்ளுறதுக்கு. வாலைக் குடைஞ்சு எடுத்துட்டா சத்தம் கூடும், இழுவை போயிடும். பாதி இஞ்சின் சைலன்சர்லதான்னு சொன்னா எவன் கேக்குறான்?

அப்புறம் இந்த "ஜப்பான் செட்டு" தேடி அலையுறவங்க. ஆரம்பத்துல பாகங்கள் அங்கேருந்து வந்து இங்க பூட்டினது உண்மைதான். அதுக்குன்னு தேஞ்சு தேஞ்சு நாலு தடவை ரீபோர் பண்ணின (உள்ளே கடைஞ்சு பெருசாக்கின) சிலிண்டருக்கு லட்சக்கணக்குல கொடுக்கணுமா?

வைக்கோல்போர்:
அண்ணன் எழுதினதைப் படிச்சிட்டு நேரா சித்தப்பா வண்டி நிக்கிற மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். புகைக் கட்டுப்பாடு இறுகி 1996-ல கம்பெனி அந்த வண்டியையே நிறுத்திடுச்சு, சித்தப்பா மட்டும் விக்கவே இல்ல. ரெண்டு வருஷமா "இழுக்க மாட்டேங்குதுடா"ன்னு புலம்பி கார்பரேட்டர், கலவை உள்ள வர்ற வழியில இருக்கிற ரீட் வால்வு எல்லாம் மாத்திட்டார். சைலன்சருக்குள்ள விரல் விட்டுப் பாத்தேன். உள்குழாய் இல்ல.

காலேஜ் போறப்போ கழட்டினது நான்தான். பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டதா ஞாபகம். அண்ணே, அந்தக் குழாய் மட்டும் தனியாக் கிடைக்குமா? சித்தப்பா வெள்ளிக்கிழமை ஊர்லேருந்து வந்துடுவார்.