மறு: நியூரோஇன்ஃப்ளமேஷன் – மூளையழற்சியா, மூளைக்கனற்சியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மூளையில் அழற்சி மெல்ல நீடிப்பதைக் குறிக்கும் நியூரோஇன்ஃப்ளமேஷனுக்கு, நம் கையேட்டில் 'மூளைக்கனற்சி' என்று எழுதலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'மூளையழற்சி' கையில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, அது என்கெஃபலைட்டிஸுக்கு வழங்கிவரும் சொல். காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்புதல் என்று சில நாட்களில் ஆளைச் சாய்த்துவிடும் நோய். 'நரம்பழற்சி' நியூரைட்டிஸுக்குப் போய்விட்டது. 'நாட்பட்ட மூளையழற்சி' என்றாலும் சிக்கல்தான். ராஸ்முசன் என்கெஃபலைட்டிஸ் (ஓயாத வலிப்பைத் தரும் ஓர் அரிய மூளைநோய்) போன்றவற்றை அது குறித்துவிடும். நம் கையேடு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் பெற்றோருக்கானது. மகனுக்கு மூளையழற்சி என்று படித்தால் அவர்கள் அவசரப் பிரிவுக்கு ஓடுவார்கள்.

இங்கே நடப்பது வேறு. 21ஆம் குரோமோசோம் மற்றவர்களுக்கு இரண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூன்று. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தின் மூலமான ஏபிபி மரபணு அதில்தான் இருக்கிறது. அல்சைமர் நோயில் காணும் அதே புரதத்தை டவுன் சிண்ட்ரோம் மூளையிலும் கிளென்னரும் வோங்கும் 1984இல் கண்டார்கள். நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் அமிலாய்டு படிந்துவிடுகிறது. மறதிநோய் பெரும்பாலும் ஐம்பதுகளில்தான் தலைகாட்டுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயெதிர்ப்பு மண்டலம் என்ன செய்கிறது என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. கிருமி வந்தால் உடலை எச்சரிக்கும் புரதம் இன்டர்ஃபெரான். அதன் செய்தியைச் செல்களில் வாங்கும் ஏற்பிகளுக்கான ஆறு மரபணுக்களில் நான்கு இதே குரோமோசோமில் இருக்கின்றன. அதனால் கிருமி ஏதும் இல்லாதபோதும் உடல் எச்சரிக்கை நிலையிலேயே இருக்கிறது. இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் விண்மீன் செல்களிலிருந்து (ஆஸ்ட்ரோசைட்) வரும் ஜிஎஃப்ஏபி புரதமும், மறதி வெளிப்படும் முன்பே இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது.

கொழுந்துவிட்டு எரியாமல் ஆண்டுக்கணக்கில் நீறு பூத்த நெருப்பாக இருப்பது இது. அதனால்தான் 'மூளைக்கனற்சி' என்கிறேன். அழல் – அழற்சி, முயல் – முயற்சி. அதே வழியில் கனல் – கனற்சி. இலக்கணம் இடறவில்லை.

> பழந்தமிழில் அழலும் கனலும் ஒன்றுதானே?

ஆம் அம்மா, இரண்டும் தீயைத்தான் குறிக்கும். கடைத்தெருவில் நிறையும் எடையும்கூட ஒன்றுதான். இயற்பியல் பாடநூல் அவற்றைப் பிரித்துவைத்தது, பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள். (இலங்கையில் அவை திணிவு, நிறை.) அழலையும் கனலையும் நாமும் அப்படியே பிரித்துவைக்கலாம். சி-ரியாக்டிவ் புரதம் போல உடல் முழுவதற்குமானவற்றை 'அழற்சிக் குறிப்பான்' என்றே வைத்துக்கொள்வோம். ஈறு வீங்கினாலும் அது ஏறும். டவுன் சிண்ட்ரோமில் ஈறுநோய் அதிகம். அந்த ஒரு எண்ணை வைத்து மூளையைப் பற்றி முடிவுகட்டக் கூடாது என்பதைக் கையேடு சொல்லியே ஆகவேண்டும். குறிப்பான் என்று நான் சொல்லும் மார்க்கருக்குச் 'சுட்டி' வேண்டாம், அது கணினிக்குப் போய்விட்டது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது காக்னிட்டிவ் டிக்ளைன், அதாவது இருந்த நினைவும் சிந்தனையும் குறைந்துகொண்டே போவது. அதற்கு வரைவில் 'அறிவுக் குறைபாடு' என்று எழுதியிருப்பதை ஏற்கவே முடியாது. பிறந்ததிலிருந்து உள்ள அறிவுசார் குறைபாடு வேறு. நேற்றுவரை தானே தலைவாரிப் பூ வைத்துக்கொண்ட பெண் இன்று சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், 'இது டவுன்தானே, இப்படித்தான் இருக்கும்' என்று வீட்டாரும் மருத்துவரும் விட்டுவிடுவார்கள். தைராய்டு குறைவு, காது மந்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு எல்லாம் இதே தோற்றத்தில் வரும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. அவரவரின் முந்தைய நிலையோடு ஒப்பிட்டு அளக்கும் இறக்கம் என்பதால் 'அறிதிறன் தேய்வு' என்று முன்மொழிகிறேன். 'சரிவு' என்றாலும் எனக்கு மறுப்பில்லை.

இலங்கை அன்பர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் 'நிர்ப்பீடனம்' என்று படித்ததை நாங்கள் 'நோயெதிர்ப்பு' என்கிறோம். கையேடு இரு கரைக்கும் போவதால், முதல் முறை வருமிடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதினால் அங்குள்ள பெற்றோருக்கு எளிதாக இருக்குமா? அடுத்த வரைவை அனுப்புமுன் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்