டர்போ என்ஜினில் டிப்ஸ்டிக் தானாக எழும்புகிறது: கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) போட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 4 சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். கொஞ்சம் விரட்டி ஓட்டிவிட்டு பானட்டைத் திறந்தால் ஆயில் டிப்ஸ்டிக் அரை விரல் உயரம் மேலே வந்து நிற்கிறது, சுற்றிலும் ஆயில் ஈரம். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்குள் விரலை விட்டால் வழுவழுவென்று கறுப்பாக ஒட்டுகிறது.

கம்ப்ரஷன் பார்த்தாயிற்று, நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் பிசிவி வால்வை (என்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்களுக்கு, அனுப்பும் ஒருவழி வால்வு) கழற்றி, ஒரு துண்டு ஹோஸ் மாட்டி மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினேன். (வாயில் ஆயில் ருசி ராத்திரி வரை போகவில்லை.) காற்று போகவே கூடாத திசை அது; தாராளமாகப் போகிறது! அப்படியென்றால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது அந்த அழுத்தம் நேராக கிராங்க்கேஸுக்குள் (என்ஜினின் அடிப்பகுதி அறைக்குள்) இறங்குகிறது. புது வால்வு வாங்கிவிட்டேன்.

சந்தேகம் கேட்ச் கேனில்தான். ஐடிலில் மேனிஃபோல்டு இழுக்கும் ஹோஸ் ஒன்று, பூஸ்டில் டர்போவின் வாய்ப்பக்கம் இழுக்கும் ஹோஸ் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி கேன் வேண்டுமா, டர்போ பக்கம் மட்டும் போதுமா? என் ப்ரீதர் ஹோஸ் (கிராங்க்கேஸ் வாயு வெளியேறும் குழாய்) உள்விட்டம் 19 மிமீ, பார்த்த கேன்களில் வாய் 10 மிமீதான். அப்படிச் சுருக்கினால் உள்ளே அழுத்தம் கூடாதா? டர்போவிலிருந்து ஆயில் தானாக வடிந்து இறங்குவதும் தடைபடுமே.

மெக்கானிக் ஒருவர் ஹோஸை வெளிக்காற்றில் விட்டுவிடச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாற்றம் ஒருபுறம் இருக்கட்டும், இழுவை இல்லாவிட்டால் ஈரமும் பெட்ரோல் ஆவியும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

இதே வேலையைச் செய்தவர்கள் ஹோஸ் போன வழியைப் படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி.