இ5-2680 வி2 பிராசஸர் ஜோடி கையில் இருக்கிறது, மதர்போர்டுதான் இல்லை: எது உட்காரும்?

கல்மேட்டு ட்ரோன் (கிருஷ்ணகிரி)

வணக்கம். லாடம் கிடைத்துவிட்டது, இனி குதிரை ஒன்றுதான் பாக்கி என்று கிளம்பினவன் கதை என்னுடையது.

கிருஷ்ணகிரியில் ட்ரோன் சர்வே செய்கிறேன். கிரானைட் குவாரி, வீட்டுமனை லேஅவுட், சில நேரம் ஏரி. ஒரு குவாரிக்கு 500, 600 படம் எடுத்து வந்து, படங்களை ஒட்டி மேப் ஆக்கும் ஓப்பன்ட்ரோன்மேப் மென்பொருளில் போட்டால், என் 16 ஜிபி கம்ப்யூட்டர் ராத்திரி 2 மணி வரைக்கும் உறுமும். அப்புறம் ராம் போதாமல் படுத்துவிடும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

போன மாதம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒருவரிடம் இன்டெல்லின் சர்வர் பிராசஸரான ஸியான் இ5-2680 வி2 இரண்டும், 8 ஜிபி டிடிஆர்3 ராம் எட்டும் சேர்த்து 7,500 ரூபாய்க்குக் கிடைத்தன. 20 கோர், 64 ஜிபி! யோசிக்காமல் காசை நீட்டிவிட்டேன். "போர்டுதானே, எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் சார்" என்றார்.

எங்கேயும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் 'டூயல் 2011' (இரண்டு பிராசஸர், 2011 பின் சாக்கெட்) என்று போட்டிருந்த பேர் தெரியாத போர்டு ஒன்றை வாங்கினேன். பிரித்து முதலில் ராமை வைத்துப் பார்த்தேன். ராமில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் சேரவே இல்லை. வயிற்றில் புளியைக் கரைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் டிடிஆர்4, அதாவது அடுத்த தலைமுறை ராமுக்கான போர்டு. பிராசஸரை வைத்து அழுத்தாமல் இருந்தேனே, அதுவரைக்கும் நல்லது. கவர் பிரித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

இப்போது ஒருவர் எச்பி இசட்620 ஒர்க்ஸ்டேஷனின் போர்டு மட்டும் 4,000-க்குத் தருகிறேன் என்கிறார். படத்தில் ஒரு சாக்கெட்தான் தெரிகிறது. கேட்டால் "டூயல்தான் சார்" என்று சத்தியம் செய்கிறார். அந்த இன்னொரு சாக்கெட் எங்கே போனது? வாங்கலாமா?

ஓசூர்க்காரன்

தம்பி, அந்த 4,000-த்தைப் பாக்கெட்டிலேயே வை.

அவர் பொய் சொல்லவில்லை, முழுசாகவும் சொல்லவில்லை. இசட்620-ல் இரண்டாவது பிராசஸர், மெயின் போர்டில் சொருகும் தனி ரைசர் போர்டில் உட்காரும். அதிலேயே அதற்கான நாலு ராம் ஸ்லாட்டும் இருக்கும். அந்த ரைசர் இல்லாமல் போர்டை மட்டும் வாங்கினால் உனக்கு ஒற்றைச் சாக்கெட்தான். அதற்கும் மேலே, எச்பி ஒர்க்ஸ்டேஷன் போர்டில் நம் சாதாரண பவர் சப்ளை சொருகாது, கேபினட்டும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். போர்டை வாங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தேடி அலைவாய்.

இப்போது நீ மாட்டிக்கொண்ட விஷயம். வி1, வி2 தலைமுறைப் பிராசஸர் இரண்டும் எல்ஜிஏ 2011 சாக்கெட், டிடிஆர்3 ராம். வி3, வி4 இரண்டும் எல்ஜிஏ 2011-3. அவை டிடிஆர்4 ராமோடு வருபவை. பின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, ஆனால் வெட்டும் வேறு, மின் இணைப்பும் வேறு. அந்தக் கடைசி '3'-ஐ விற்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்குப் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன் சொல்கிறேன்: பழைய டூயலில் பிராசஸர் குப்பை விலைக்கு வரும், போர்டுக்குத்தான் கிராக்கி. அதனால் போர்டைத் தேடாதே, முழு பெட்டியாகத் தேடு. எச்பி இசட்820-ல் இரண்டு சாக்கெட்டும் ஒரே போர்டில், 16 ராம் ஸ்லாட். டெல் பக்கம் போனால் டி5610, டி7610.

இசட்820 வாங்கப் போனால் ஒன்றை மட்டும் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதே. ஆன் செய்து எஃப்10 அழுத்தச் சொல். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பூட் பிளாக் டேட்' என்று ஒரு வரி வரும். 03/06/2013 என்றிருந்தால் உன் வி2 ஓடும். 12/28/2011 என்றிருந்தால் வி1 மட்டும்தான். பயாஸை (போர்டைக் கிளப்பும் மென்பொருளை) எத்தனை தடவை புதுப்பித்தாலும் அந்த பூட் பிளாக் பகுதி மாறாது. இசட்620-க்கும் இதே கதைதான். அமெரிக்கக் கணக்கு, மாதம்தான் முதலில். ஜூன் 3 என்று படித்துவிடாதே.

பாரூர் ஏரி

அண்ணன் சொன்னது சரி, ஆனால் தனி போர்டு வழியே இல்லை என்று ஆகிவிடாது. நான் சூப்பர்மைக்ரோ எக்ஸ்9டிஏஐ போர்டு வைத்திருக்கிறேன். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை போதும். 8 பின் சிபியு கேபிள் மட்டும் இரண்டு வேண்டும், பிராசஸருக்கு ஒன்று.

நான் அடிபட்டது அளவில். நம் வீட்டு ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். இது 305-க்கு 330. வந்து இறங்கிய பிறகுதான் அளந்தேன். மூன்று மாதம் பிளைவுட் பலகையில் திறந்தவாக்கில் ஓடியது. ஒரு நாள் பல்லி உள்ளே குடித்தனம் போட்டதைப் பார்த்துத்தான் பெரிய கேபினட் வாங்கினேன். கேபினட்டில் 'எஸ்எஸ்ஐ ஈஈபி', 'ஈ-ஏடிஎக்ஸ்' என்று இரண்டு விதமாகப் போடுவார்கள், ஸ்குரூ ஓட்டைகள் ஒன்றுபோல இருக்காது. போர்டின் படத்தை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூலர் வாங்கும் முன் சாக்கெட்டைச் சுற்றியுள்ள நான்கு ஸ்குரூ இடத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 80-க்கு 80 என்றால் சதுரம், 94-க்கு 56 என்றால் குறுகல். ஒன்றின் கூலர் மற்றதில் ஏறாது.

இன்னொன்று, பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. எனக்கு வந்ததில் பிளாஸ்டிக் மூடியே இல்லை, ஒரு மூலையில் மூன்று பின் படுத்திருந்தது. மொபைல் சர்வீஸ் செய்யும் நண்பர் மைக்ரோஸ்கோப்பின் கீழே ஊசி முனையால் நிமிர்த்திக் கொடுத்தார். அந்த அரை மணி நேரம் நான் மூச்சே விடவில்லை. வாங்கும்போது டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள்; எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். நாற்று நட்ட வயலில் ஒன்று சாய்ந்தால் தெரியாதா, அது மாதிரிதான்.

அரூர் ஆந்தை

ஏன் இவ்வளவு சுற்றல்? கையில் டூயல் 2011-3 போர்டு இருக்கிறது. வி2-வை விற்றுவிட்டு 2680 வி4 ஜோடி போடுங்கள். ஒவ்வொன்றும் 14 கோர், 2016 மாடல். புதுசும் ஆச்சு, போர்டும் வீணாகாது.

ஓசூர்க்காரன்

ஆந்தை சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ராம்? அந்த எட்டு டிடிஆர்3-யும் பயன்படாது. 64 ஜிபி டிடிஆர்4-க்கு இன்றைக்கு விலை விசாரித்துவிட்டு வந்து பேசட்டும். பேர் தெரியாத போர்டுக்கு நாளை பயாஸ் எங்கே தேடுவது என்பதும் இருக்கிறது.

தம்பி, உன் ராம் லேபிளைப் பார். பிசி3-12800-க்குப் பின்னால் 'ஆர்' இருந்தால் ரெஜிஸ்டர்டு, 'ஈ' இருந்தால் வேறு சாதி. இரண்டையும் கலக்காதே. பிராசஸருக்கு நாலு நாலாகப் பிரித்துப் போடு. பிராசஸர் மூடியில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைச் சரக்கு, நம்பி இறங்காதே.

கல்மேட்டு ட்ரோன்

எட்டிலும் 'ஆர்'. மூடியில் ஒழுங்காக இ5-2680 வி2 என்றே இருக்கிறது.

சனிக்கிழமை மறுபடி பெங்களூரு. ஒரு கடையில் இசட்820 இரண்டு, இரண்டிலும் ஒற்றை வி1 பிராசஸர். எஃப்10 அழுத்தச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதல் பெட்டி, பளபளப்பானது: 12/28/2011. இரண்டாவது, கீறல் விழுந்து ஒரு பக்கம் ஸ்டிக்கர் கிழிந்தது: 03/06/2013. கீறலே போதும் என்றேன். கீறலுக்கு ஒரு ஹீட்சிங்க்தான் இருந்தது. பளபளப்பிலிருந்து கழற்றிக் கொடுங்கள் என்று அரை மணி நேரம் பேரம். கடைசியில் ஹீட்சிங்க்கோடு 14,000.

கனம் இருக்கிறதே, அரிசி மூட்டைதான். எலக்ட்ரானிக் சிட்டியில் பஸ் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டு, "உள்ளே என்ன, கல்லா?" என்றார். கிருஷ்ணகிரி ஆள் என்று எப்படித்தான் தெரிந்ததோ.

பழைய பிராசஸரோடே பயாஸைப் புதுப்பித்துவிட்டு வி2 இரண்டையும் மாட்டினேன். முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே நின்றது, உயிரே போய்விட்டது. இத்தனை ராமையும் எண்ணி முடிக்க அது நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். என்னிடம் இருந்தது விண்டோஸ் ஹோம். அது ஒரு சாக்கெட்டைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் உபுண்டு போட்டேன். 40 த்ரெட் வரிசையாகத் தெரிகிறது. பர்கூர் பக்கத்துக் குவாரி, 560 படம், விடிவதற்குள் முடிந்திருந்தது.

யுபிஎஸ் மட்டும் மாற்ற வேண்டும். பிராசஸர் இரண்டும் சேர்ந்தே முழு வேகத்தில் 230 வாட் கேட்கின்றன. பழைய 600 விஏ பெட்டி கரண்ட் போன நொடியில் கத்திவிட்டு அணைந்துவிட்டது.

அந்த 2011-3 போர்டு சும்மாதான் கிடக்கிறது. வி3, வி4 வைத்திருப்பவர்கள் யாராவது கிருஷ்ணகிரி வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மூடி போட்டே வைத்திருக்கிறேன், டார்ச் நானே தருகிறேன். ஆந்தைக்கு முதல் உரிமை.