எடை குறையாத நடை வீணா?

குன்னூர் ஓய்வாசிரியர்:
ஆறு மாதமாக நாள்தோறும் காலையில் குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து சிம்ஸ் பூங்கா வரை ஏறி நடந்துவிட்டு, திரும்பும்போது பேருந்தில் இறங்கிவிடுகிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஏற்றத்தில் செலவாகும் சொற்பத்தை, தேநீரோடு தின்னும் இரண்டு வர்க்கி (எங்கள் பக்கத்து மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) ஈடுகட்டிவிடுகிறது. உணவைக் குறைக்காதவரை பயிற்சியால் கொழுப்புக்கு ஒன்றும் நேராது என்பதே என் முடிவு. மறுப்போர் சான்றோடு எழுதுங்கள்.

கோத்தகிரி செவிலி:
ஐயா, கலோரிக் கணக்கில் பிழையில்லை. ஆனால் கொழுப்பு உடலில் எங்கே இருக்கிறது என்பதை எடை இயந்திரம் சொல்லாது. தோலுக்கடியில் படிவதைவிடக் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பே கேடு மிகுந்தது. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போய்ச் சேர்வதால், அவ்வுறுப்பு, இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. எடை அசையாதபோதும் பயிற்சியால் இந்த உட்கொழுப்பு குறைவதை ஸ்கேன் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. கொழுப்பணுக்கள் மறைந்துபோவதில்லை; சுருங்குகின்றன. அதோடு, இயங்கும் தசை இன்சுலினின் உதவியின்றியே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஓரிரு நாள் அத்தசைக்கு இன்சுலின் எளிதில் வேலை செய்கிறது.

சான்று கேட்டீர்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவை நெருங்கியிருந்த 531 பேர் மூன்றாண்டுகள் கவனிக்கப்பட்டனர். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது; அவர்களுடைய எடையோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எடையைவிட இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரே வரம்பு.

குன்னூர் ஓய்வாசிரியர்:
அந்த ஆய்வில் நடையோடு உணவு அறிவுரையும் சேர்ந்தே தரப்பட்டது. பலன் முழுவதையும் நடையின் பேரில் எழுதுவது எப்படி முறையாகும்? எங்கள் தெருவில் நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறித்த அம்மையாருக்கும் சர்க்கரை வந்திருக்கிறதே!

கோத்தகிரி செவிலி:
உணவு பற்றிய உங்கள் மறுப்பை ஏற்கிறேன். அந்த எண்ணைக் கொண்டு நடையின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க இயலாது. ஆனால் உழைத்தவருக்கும் நோய் வந்தது என்பதால் உழைப்புக்குப் பயனில்லை என்று ஆகாது. பரம்பரையும் இதில் உண்டு.

உதகை மலையேறி:
இருவரும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றாகவே பார்க்கிறீர்கள். ஆஸ்திரிய மலைப்பகுதியில் ஒரு குழுவினரை இரண்டு மாதம் ஏற மட்டும் வைத்துக் கம்பிவட ஊர்தியில் இறக்கினர். இன்னும் இரண்டு மாதம் ஊர்தியில் ஏற்றி, நடந்து இறங்கச் செய்தனர். ஏற்றத்தில் இரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு குறைந்தது. சர்க்கரையை உடல் கையாளும் திறன் இறக்கத்தில்தான் மேம்பட்டது. நீட்சியடைந்தபடியே உடலைத் தாங்கும் தொடைத் தசையின் வேலை அது. ஆசிரியர் ஐயா பேருந்துக்குக் கொடுத்துவிடுவது அந்தப் பாதியைத்தான்.

குன்னூர் ஓய்வாசிரியர்:
இறக்கத்தில் முழங்கால் வலிக்கும் என்றுதான் பேருந்து ஏறினேன். வழியிலுள்ள பெட்போர்டு வரையாவது நடந்து இறங்கிப் பார்க்கிறேன்; இடுப்பளவை இன்றே குறித்துவைக்கிறேன். வர்க்கியைப் பற்றி மட்டும் இப்போதைக்கு எதுவும் கேட்க வேண்டாம்.