அம்மாவின் மறதிக்கு மஞ்சள் கப்சூலா, வல்லாரையா?

உப்புவெளி மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. கொஞ்ச நாளாக மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார். கனடாவிலிருந்து சித்தி, கறி மஞ்சளிலிருந்து செய்த கப்சூல் அனுப்பியிருக்கிறார். மூளைக் கலங்களை ஒட்சியேற்ற அழுத்தத்திலிருந்து காக்கும் என்று போத்தலில் எழுதியிருக்கிறது. அம்மாவோ, "அது எனக்கு வேண்டாம், வல்லாரைச் சம்பல் போதும்" என்கிறார். இதய வால்வுக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குளிசையும் எடுக்கிறார். எதைக் கொடுக்கலாம்?

கிண்ணியா தம்பி:
அக்கா, எங்கட உம்மம்மா விடியப்புறம் வல்லாரை இலைக்கஞ்சிதான். பழைய கடன் எல்லாம் ஆளாளாகச் சொல்லுவா. கப்சூலைத் தூக்கிப் போடுங்க.

பாமசி மாமா:
தம்பி, உம்மம்மாவின் கடன் கணக்கை வைத்து மருந்து எழுத முடியாது. மகள், கப்சூலை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உள்ளே போகும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை அதுவே எரிக்கிறது. எரிக்கும்போது கலத்தின் சக்தி நிலையங்களான இழைமணிகளிலிருந்து கசியும் பொல்லாத மூலக்கூறுகள், கொழுப்பு நிறைந்த கலமென்சவ்வைத் தாக்கும். இதுதான் ஒட்சியேற்ற அழுத்தம். ஆய்வுகூடத்தில் நரம்புக் கலங்களை வளர்த்து அதே அழுத்தத்தைத் தரும் ஐதரசன் பெரொக்சைட்டு விட்டால் அவை சாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைச் சேர்த்த தட்டில் கூடுதலாகப் பிழைக்கும். அதுவரை உண்மை.

குர்குமின் அந்த மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை பெரும்பாலும் வேறு. நாய் குரைத்ததும் வீட்டுக்காரர் எழும்பிக் கதவைப் பூட்டுவதுபோல, அது கலத்தைக் கொஞ்சம் உறுத்தும். உடனே கீப்1 என்ற புரதத்தின் பிடியிலிருந்து என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதம் விடுபட்டுக் கலத்தின் கருவுக்குள் போய், குளுதாதயோன் போன்ற நம்முடைய சொந்தக் காவலைக் கூட்டும். முருங்கையிலையில் இருக்கும் ஐசோதயோசயனேற்று என்ற பொருளும் இதே வழிதான்.

ஆனால் தட்டில் நேரே ஊற்றுகிறார்கள். விழுங்கினால் குடலும் ஈரலும் பெரும்பகுதியைக் கழித்துவிடும். மிச்சத்தை இரத்த-மூளைத் தடை மறிக்கும். அதனால்தான் கப்சூலில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998 இல் பெங்களூரு ஆய்வொன்றில், அது சேர்ந்தபோது இரத்தத்துக்குள் போன குர்குமின் சுமார் இருபது மடங்கு கூடியது. சிக்கலும் அங்கேதான். பைப்பரின் மற்ற மருந்துகளையும் உடம்பில் தேங்க வைக்கும். இப்படியான கப்சூல்களால் ஈரல் பழுதான சம்பவங்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. வோபரின் எடுத்த ஒருவர் மஞ்சள் கப்சூல் தொடங்கிய பின் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு; கூடினால் இரத்தம் கசியும் ஆபத்து) எகிறியதாக நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2018 இல் எச்சரித்தார்கள். கறியில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். அதில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான்.

தட்டில் நடந்தது மனிதரில் நடக்காது போவதும் சகஜம். ஞாபகசக்திக்கென்று விற்கும் ஜிங்கோ மரத்தின் இலைச்சாற்றை 75 வயது தாண்டிய 3,069 பேரில் ஆண்டுக்கணக்காகச் சோதித்தார்கள். 2008 இல் முடிவு வந்தது: மறதி நோய் குறையவில்லை.

நிலாவெளி நேர்ஸ்:
மாமா சொன்னதோடு இதையும் பாருங்கள். மறதிக்குத் தைரொயிட், பி12 குறைவும் காரணமாகலாம். இரத்தம் சோதித்தார்களா?

உப்புவெளி மகள்:
இல்லை, கேட்கிறேன். போத்தலைத் திருப்பிப் பார்த்தேன், பைப்பரின் 5 மில்லிகிராம் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது! அப்ப வல்லாரையும் வேண்டாமா?

பாமசி மாமா:
சாப்பிடட்டும், ஆனால் ஒரே அளவாக. கீரையில் விற்றமின் கே இருக்கிறது. அது வோபரினுக்கு எதிராக வேலை செய்யும். ஒரு கிழமை கட்டுக் கட்டாகச் சாப்பிட்டு அடுத்த கிழமை விட்டால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். ஞாபகசக்தி கூடுமா என்றால், மனிதச் சோதனைகளைத் தொகுத்த 2017 ஆய்வில் உறுதியான பலன் தெரியவில்லை. தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்த சம்பலுக்கு அந்தச் சான்று தேவையில்லை, ருசியே போதும். வியாழன் கிளினிக்குக்குக் கொப்பியோடு அந்தப் போத்தலையும் கொண்டு போங்கள். சித்தி கேட்டால் டொக்டர் வைத்திருக்கச் சொன்னார் என்று சொல்லிவிடலாம்.