மூட மறுத்த கதவு: பாடி ஷெல்லை வெல்டிங் வைத்து இறுக்கியவர்களின் அனுபவங்கள்

கோவை எஸ்டீம் எழுதியது:

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக ஒரு பழைய மாருதி எஸ்டீம் காரை வாங்கி, இருக்கை, கம்பளம், டாஷ்போர்டு அனைத்தையும் கழற்றிவிட்டு, வெறும் ஷெல்லாக, அதாவது தகட்டு உடற்கூடாக மட்டும், பட்டறையில் நிறுத்தியிருந்தேன். ஓடும்போது ஷெல் நெளியாமல் விறைப்பாக நிற்பதற்காக, ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் இடம்), ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகடு), கதவு நிலையைச் சுற்றியுள்ள மடிப்புகள் ஆகியவற்றில், தொழிற்சாலை வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளுக்கு நடுவே, ஓர் அங்குலம் வெல்டிங், ஒன்றரை அங்குலம் இடைவெளி என்ற கணக்கில் சி.ஓ.டூ வெல்டிங் வைப்பது என்று முடிவு செய்திருந்தோம். இடப்பக்கம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்தது. வலப்பக்கம், வெல்டர் தம்பி மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால், கீழ் விளிம்பின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. தரை சமமில்லை என்பதும், நான்கு ஸ்டாண்டுகளில் ஒன்றின் அடியில் மரக்கட்டை கொடுத்திருந்தோம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன.

மறுநாள் காலை வலப்பக்கக் கதவை மாட்டி மூடினேன். பூட்டின் கொக்கி தூணில் மோதி, "டக்" என்ற சத்தத்தோடு கதவு திரும்பி வந்தது. "கீல் தளர்ந்திருக்கும், அண்ணா" என்றார் தம்பி. கீலைக் கழற்றி மாட்டினோம், மீண்டும் அதே "டக்". அளந்து பார்த்தபோது கதவு நிலையின் இரு மூலைவிட்டங்களும் 4 மில்லிமீட்டர் வேறுபட்டிருந்தன. ஷெல் விறைப்பாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. கோணலாக நின்ற நிலையிலேயே விறைப்பாகிவிட்டது. அந்த "டக்" இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

பின் அச்சு எழுதியது:

நான் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். பி.எம்.டபிள்யூ இ46 எம்3 வைத்திருப்பவர்களுக்குப் பின்பக்க சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) முன்னும் பின்னும் முறுக்க, அந்த முறுக்கு முழுவதையும் நான்கு போல்ட்டுகள் வழியாக ஒரு மெல்லிய தகடு தாங்குகிறது. எங்களிடம் வந்த வண்டியில் "பின்னால் லேசாக ஒரு சத்தம்" என்பது மட்டுமே புகார். அடிப்பூச்சைச் சுரண்டியபோது மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பூச்சில் விழுந்த கீறல் என்றே நினைத்தேன். மூத்த மெக்கானிக் ஒரு கடப்பாரையை சப்ஃபிரேமின் ரப்பர் புஷ்ஷின் அடியில் கொடுத்து நெம்பினார். அந்தக் கோடு மீன் வாய் போலத் திறந்து மூடியது. பக்கத்தில் நின்ற உரிமையாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பிறகு வெல்டிங் வைத்து, அதன்மேல் வெட்டி எடுத்த வலுவூட்டும் தகடுகளைப் பற்றவைத்தோம். ஆனால் எஸ்டீம் நண்பர் செய்தது வேறு வகை வேலை. உடையாத இடத்தை வெல்டிங் வைத்து இறுக்குவதற்கு என்ன தேவை என்று எனக்கு விளங்கவில்லை.

தீப்பொறி எழுதியது:

பின் அச்சு நண்பரின் கேள்வி சரியன்று. உடையும் வரை காத்திருந்து பற்றவைப்பது பழுதுபார்ப்பு. ஸ்பிரிங்கும் டாம்பரும் (ஷாக் அப்சார்பர்) செய்ய வேண்டிய வேலையை ஷெல் நெளிந்து கெடுக்காமல் இருப்பதற்காகச் செய்வது விறைப்பூட்டல். ஹோண்டா நிறுவனமே 1997இல் வந்த இகே9 சிவிக் டைப் ஆரின் ஷெல்லுக்குக் கூடுதல் வெல்டிங் வைத்துத்தான் விற்றது. என் அனுபவம் சிறியது: மடிப்பில் நீர் புகாமலிருக்கப் பூசியிருந்த சீலன்டைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தேன், உள்பக்கத் தார்ப்பூச்சு தீப்பிடித்து, மணல் வாளியை எடுக்க ஓடும்போது காலில் கேபிள் சுற்றி விழுந்தேன். அவ்வளவுதான்.

இனிச் செய்பவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். பேட்டரியை மட்டுமன்றி இசியு (எஞ்சினின் கணினி) இணைப்பையும் கழற்றுங்கள். சீலன்ட், பெயின்ட், துரு மூன்றும் வெள்ளைத் தகடு தெரியும்வரை போக வேண்டும். மிச்சம் இருந்தால் வெல்டிங்கில் குமிழ் ஓட்டைகள் விழும். துத்தநாகப் பூச்சுள்ள தகடாக இருந்தால், அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரும். காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகடுகளுக்கு 0.6 மில்லிமீட்டர் வெல்டிங் கம்பியே நல்லது. முன் இடப்பக்கம் ஒரு துண்டு வைத்தால் அடுத்த துண்டு பின் வலப்பக்கம் என்று வெப்பத்தைப் பிரித்துக்கொடுங்கள். கதவுகளை மாட்டியே வைத்திருந்து, அவ்வப்போது மூடிப் பாருங்கள். ஸ்ட்ரட் டவருக்கு முன்னால் இருக்கும் சட்டங்களைத் தொடவே தொடாதீர்கள். மோதலில் அவை மடிய வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை. புதிய கார்கள் பலவற்றின் பி தூணில் (முன், பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்) மிக வலுவான போரான் எஃகு இருக்கும். அதில் வெல்டிங் வைத்தால் வெப்பம் பட்ட இடம் வலுவிழந்துவிடும். வேலை முடிந்ததும் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு அடிக்காவிட்டால், நீங்கள் வெல்டிங் வைத்த இடமே முதலில் துருப்பிடிக்கும். சாலையில் ஓட்டும் வண்டி என்றால், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

டயல் கேஜ் எழுதியது:

தீப்பொறி அவர்கள் சொன்னவற்றில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. எவரும் அளந்து பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். நாங்கள் ஷெல்லின் பின்பக்க ஸ்ட்ரட் டவர்களைத் தரையோடு இறுகக் கட்டி, முன்பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டத்தைக் குறுக்கே பொருத்தி, நடுவில் ஒரு தாங்கியைக் கொடுத்து, மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோ எடையைத் தொங்கவிட்டோம். அது ஏறத்தாழ 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முன்பக்க டவர்கள் இரண்டின் கீழும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியில் காட்டும் அளவி). அவற்றுக்கிடையே ஒரு மீட்டர் அகலம் இருந்தால், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது 0.057 பாகைத் திருகல்.

ஒரு வாரம் முழுக்க மடிப்புகளில் வெல்டிங் வைத்த பிறகு, அதே எடையைத் தொங்கவிட்டோம். ஊசி முன்பு நின்ற இடத்துக்கு மிகச் சற்று முன்னதாக வந்து நின்றது. நண்பர் விரலால் கேஜைத் தட்டினார், ஊசி நகரவில்லை. பிறகு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள தையலில்லாக் குழாயில் ரோல் கேஜின் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டு) பிரதான வளையம் அமைத்து, அதிலிருந்து ஸ்ட்ரட் டவர் வரை குழாய் ஓட்டி, 3 மில்லிமீட்டர் தகட்டின்மேல் காலூன்றிய கூண்டைப் பற்றவைத்ததும் திருகல் பாதிக்கும் கீழே போய்விட்டது. மடிப்பு வெல்டிங் வீண் என்று நான் சொல்லவில்லை. ஸ்பாட் புள்ளிகள் கழன்று ஷெல் தளர்வதை அது தள்ளிப்போடும். ஆனால் "வெல்டிங் வைத்ததும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது" என்பவர்களிடம், அதே வாரத்தில் டாம்பரையும் மாற்றினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாற்றியிருப்பார்கள்.

கோவை எஸ்டீம் எழுதியது:

டயல் கேஜ் நண்பருக்கு: ஆம், டாம்பரையும் மாற்றியிருந்தேன். தீப்பொறி நண்பருக்கு: கதவுகளை மாட்டியபடி வெல்டிங் வைக்க வேண்டும் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் கிரைண்டரோடு கழித்திருக்க மாட்டேன். கீழ் விளிம்பில் வைத்த வெல்டிங்கில் பாதியை அறுத்தெடுத்து, தூணுக்கும் தூணுக்கும் இடையே ஜாக்கி கொடுத்துத் தள்ளி, 4 மில்லிமீட்டரை ஒன்றரைக்குக் கொண்டுவந்தோம். மிச்சத்தைக் கொக்கியின் அடியில் இரண்டு வாஷர் வைத்துச் சரிக்கட்டினேன். வண்டியை விற்றபோது, வாங்கியவர் வலப்பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "இந்தப் பக்கம்தான் நன்றாக மூடுகிறது" என்றார்.