டி7 ஈஸ்ட்: கண்ட்ரோல் பிளேட்டிலேயே காலனி குவிகிறது, எம்எம்எஸ் போட்டும் வித்தியாசம் தெரியவில்லை

கேள்வி:
ரசாயனங்களின் மரபுச் சேதத்தைச் சோதிக்க டி7 என்ற ஈஸ்ட் ஸ்ட்ரெய்ன் பயன்படுத்துகிறோம். டிரிப்டோஃபேன், ஐசோலூசின் என்ற அமினோ அமிலங்களை அது தானே தயாரிக்காது; மரபு மாறிய செல்தான் அவை இல்லாத பிளேட்டில் காலனியாகும். டிரிப்டோஃபேன் இல்லாத பிளேட்டில் 10 லட்சம் செல் பரப்பினால், எதுவும் சேர்க்காத கண்ட்ரோலிலேயே 200 காலனி. எம்எம்எஸ் (டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் மீதைல் மீத்தேன்சல்ஃபோனேட்) போட்டால் 300தான். ஐசோலூசின் இல்லாத பிளேட்டிலோ காலனி பிரியாமல் படலமாகப் படர்கிறது. செல்களைப் பழைய ஸ்லாண்டிலிருந்து (சாய்வான அகர் குழாய்) நேராக எடுத்து வளர்த்தோம்.

பதில் 1:
இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவதற்குக் காரணம் ஸ்லாண்ட். டி7-இல் ஜீன் கன்வர்ஷன் (ஒரு ஜீனின் பிரதி இன்னொன்றைப் பார்த்துத் திருத்தப்படுவது; டிரிப்டோஃபேன் பிளேட் காட்டுவது இதைத்தான்) இயல்பாகவே லட்சம் செல்லுக்கு ஒன்றை ஒட்டி நடக்கும்; உங்கள் பிளேட்டில் 10 காலனி அளவில்தான் வந்திருக்க வேண்டும். வளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஒரு செல் மாறிவிட்டால் அதன் வம்சம் முழுவதும் மாறியதாகவே பெருகும். எம்எம்எஸ் புதிதாகத் தந்த 100 காலனி அந்தக் கூட்டத்தில் மறைந்துவிட்டது.

8 தனிக் காலனிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மிகக் கொஞ்சம் செல்லை 5 மி.லி. ஒய்பிடியில் (ஈஸ்ட்டுக்கான முழுச் சத்து மீடியம்) போட்டு, 28 டிகிரியில் 2 நாள் வளருங்கள். மூன்று முறை கழுவிவிட்டுப் பரப்புங்கள். ஒய்பிடி ஒட்டியிருந்தால் அதிலுள்ள டிரிப்டோஃபேனே செல்களை வளர்த்துவிடும். எண்ணிக்கை குறைவாக வந்த கல்ச்சரை மட்டும் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80-இல் வையுங்கள். ஒவ்வொரு சோதனையையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

பதில் 2:
இரண்டாவது கோளாறான படலத்தைப் பார்த்தால் மீடியத்தில் காசமினோ ஆசிட் (பால் புரதமான கேசீனைச் சிதைத்த அமினோ அமிலக் கலவை) இருக்கும்போலத் தெரிகிறது. அமிலத்தில் சிதைத்துத் தயாரிப்பதால் அதில் டிரிப்டோஃபேன் அழிந்துவிடும், ஐசோலூசின் அப்படியே இருக்கும். அதனால்தான் டிரிப்டோஃபேன் பிளேட்டில் காலனி பிரிந்து வருகிறது, ஐசோலூசின் பிளேட்டில் படர்கிறது. ஐசோலூசின் இல்லாத பிளேட்டுக்கு அமினோ அமிலம் சேராத ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ், 2 சதவீத குளுக்கோஸ், லிட்டருக்கு 20 மி.கி. டிரிப்டோஃபேன், கொஞ்சம் அடினின் போதும்.

கேட்டவர்:
ஆமாம், காசமினோ ஆசிட் இருக்கிறது. முழு மீடியத்தில் சிவப்புக் காலனியும் தென்படவில்லையே?

பதில் 2:
அடினின் தயாரிக்க முடியாத செல்தான் சிவக்கும்; மீடியத்தில் அடினின் தாராளமாக இருந்தால் நிறம் வராது. லிட்டருக்கு 5 முதல் 10 மி.கி. போதும், வளர்ந்தபின் 2 நாள் 4 டிகிரியில் வைத்தால் சிவப்பு அடர்ந்து தெரியும். ஒரே காலனியில் பாதி சிவப்பு, பாதி இளஞ்சிவப்பு இருந்தால்தான் கிராசிங் ஓவர் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) என்று எண்ணுங்கள். முழுச் சிவப்புக்கு வேறு காரணங்களும் உண்டு.

பதில் 1:
இன்னொன்று. நேரம் முடிந்ததும் எம்எம்எஸ்ஸை 10 சதவீத சோடியம் தயோசல்ஃபேட்டால் முறித்துவிட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பிளேட்டிலும் வேலைசெய்யும். கையுறை, ஃப்யூம் ஹுட் கட்டாயம். பிழைத்த செல்களைத் தனியே எண்ணி லட்சத்துக்கு இத்தனை என்று கணக்கிடுங்கள். பாதிக்கு மேல் பிழைக்கும் டோஸ்களே நம்பகமானவை. விகிதம் மட்டும் ஏறி, பிளேட்டில் காலனி எண்ணிக்கை கண்ட்ரோலைத் தாண்டாவிட்டால் அதைப் பாசிட்டிவ் என்று எழுதாதீர்கள்.